கொலையும் மரணம் விளைவித்தலும்: சட்டச் சொல்லாட்சி பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு செயலுக்குச் சட்டம் இடும் பெயரே அதற்குரிய தண்டனையின் எல்லையை வரையறுக்கிறது. பெயரிடுதல் மொழிச் செயலாதலின், மரண தண்டனையின் நியாயம் பற்றிய ஆய்வில் மொழியியலார்க்கும் இடமுண்டு. உயிர்க்கொலையை வகைப்படுத்த இந்தியச் சட்டம் ஆளும் சொற்களையும், தூக்குத் தண்டனைக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலையும் பொருண்மையியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 299, 300ஆம் பிரிவுகளில் இவ்வகைப்பாட்டைச் செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 100, 101ஆம் பிரிவுகளில் அதனைப் பெரிதும் மாற்றமின்றி ஏற்றுள்ளது. தண்டனைக்குரிய உயிர்க்கொலை என்பது பேரினம். கொலை என்பது அதன் உள்ளினம். தமிழிலோ ‘கொல்’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘கொலை’ இரண்டையும் குறிக்கும். ‘கொலையாகாத கொலை’ என்பது முரணாகுமாதலின், ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ போன்ற தொடர்கள் வழக்கில் வந்தன. இவற்றில் பேரினம், உள்ளினம் என்னும் உறவு மறைந்து, இரு வேறு செயல்கள் போன்ற தோற்றம் உண்டாகிறது. சொல்லாக்கத்தின் குறையாக மட்டும் இதனைக் கருதுதல் பொருந்தாது. மூலத்திலேயே எல்லைக்கோடு மெல்லியது என்பதைப் பின்வருவது காட்டும்.

விளைவித்த காயத்தால் மரணம் நேரும் வாய்ப்புண்டு எனின் அது பேரினத்துள் அடங்கும். இயற்கையின் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்க அக்காயம் போதுமானது எனின் அது கொலையாகும். 1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில், மனைவியை அடித்துக் கொன்ற கணவனின் வழக்கில் நீதிபதி மெல்வில் இவ்வேறுபாட்டை விளக்கினார். உயிர்நிலையில் கைமுட்டியாலோ தடியாலோ விழும் அடி முன்னதற்கும், அங்கே வாளால் நேரும் வெட்டு பின்னதற்கும் அவர் காட்டிய சான்றுகளாகும். அவ்வழக்கில் குற்றம் கொலையன்று என முடிவாயிற்று. ‘வாய்ப்பு’, ‘போதுமை’ ஆகிய இரண்டும் ஒரே அளவுத் தொடர்ச்சியில் அமையும் சொற்களே. ஆயின் இன்று 103ஆம் பிரிவு கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது. கொலையாகாத வகைக்குரிய 105ஆம் பிரிவில் மரண தண்டனை இல்லை. அளவு வேறுபாடு இங்கே தண்டனையில் வகை வேறுபாடாகிவிடுகிறது.

கொலை என முடிவான பின்னும் ஒரு சொல்லாட்சியே உயிரைத் தீர்மானிக்கிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐவர் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பின் வழி, ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்றது. குற்றத்தோடு குற்றவாளியின் சூழலையும் எண்ண வேண்டும் என்றது. நீதிபதி பகவதி மாறுபட்டார். ஆங்கில மூலத்தொடர், அரிய வழக்குகள் என்னும் ஒரு தொகுதியைச் சுட்டி, அதனுள் மிக அரியதைத் தேர்கிறது. ஆயின் அத்தொகுதி எது என வரையறுக்கவில்லை. தமிழ்த் தொடரில் ‘இனும்’ என்பது மிகுதியை உணர்த்தி நிற்றலால், தொகுதி என்னும் கருத்தே மறைந்து உணர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. நாளிதழ் வழக்கில் இத்தொடர் ‘மிகக் கொடிய’ என்பதற்கு நிகராகிவிட்டது. 1983இல் மச்சி சிங் வழக்கில் வகுக்கப்பட்ட ஐவகைகளும் குற்றத்தின் இயல்பையே பெரிதும் தழுவியவை.

இதன் விளைவு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. குற்றத்தை மட்டுமே நோக்கிய முந்தைய தீர்ப்பொன்று பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானது என 2009இல் உச்ச நீதிமன்றமே கூறியது. அம்முந்தைய வழக்கின் குற்றவாளி 1996இலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார்.

வகையைத் திட்டவட்டமாக்கினால் இக்குறை நீங்கும் எனச் சிலர் கருதலாம். பழைய சட்டத்தின் 303ஆம் பிரிவு அவ்வாறே அமைந்தது. ஆயுள் தண்டனை பெற்றவர் கொலை செய்தால் மரணமே தண்டனை என்று அது விதித்தது. நீதிபதியின் ஆய்வுக்கு இடமளிக்காத அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 1983இல் செல்லாதெனத் தள்ளியது. இறுகிய வகை மனிதனைக் காண மறுக்கிறது. நெகிழ்ந்த அடைமொழியோ நீதிபதிக்கு நீதிபதி வேறுபடுகிறது. தண்டனையைக் குறைத்தற்குரிய சூழல்களை விசாரணை நிலையிலேயே திரட்டுமாறு 2022இல் மனோஜ் வழக்கில் இடப்பட்ட ஆணை வரவேற்கத்தக்கது. ஆயினும் அது தீர்ப்புக்கு வேண்டிய செய்திகளைத் தருமேயன்றி, அளவுகோலைத் தராது.

எல்லாச் சொல்லும் எல்லையில் மயங்குவதே என்பர். அது உண்மை, அதனால் வகைப்பாடு பயனற்றதாகிவிடாது. தற்செயலாய் நேர்ந்ததையும் திட்டமிட்டுச் செய்ததையும் பிரித்தறிய அது இன்றியமையாதது. சிறைத் தண்டனையில் சொல் மயங்கினால், பிழையை ஓரளவேனும் பின்னர்த் திருத்தலாம். நிறைவேறிய மரண தண்டனையில் அதற்கு வழியில்லை. மயங்கும் சொல்லின் மீது மீளாத் தண்டனையை ஏற்றுவது நியாயமாகாது என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.