எள்ளாத நகை

அலுவலக வாழ்வில் ஊறிய நமக்குக் 'கேம்ப்' என்றதும் மேலதிகாரியின் சுற்றுப்பயணமே நினைவுக்கு வரும். கலைத் திறனாய்விலோ அச்சொல் முற்றிலும் வேறான ஒன்றைக் குறிக்கின்றது. மிகையையும் செயற்கையையும் அவற்றின் பொருட்டே விரும்பிச் சுவைக்கும் மனப்பாங்கு அது. நேரான தமிழ்ச்சொல் வழக்கில் இன்மையால் அச்சொல்லையே ஈண்டு ஆள்வோம்.

கிறிஸ்டபர் இஷர்வுட் 1954-இல் வெளியிட்ட புதினம் ஒன்றில் இதற்குப் பொருள் கூற முயன்றார். பின்னர் 1964-இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக், 'பார்ட்டிசன் ரெவ்யூ' இதழில் 58 குறிப்புகளாக இதனை விளக்கினார். டிஃபனி விளக்குகளும் பெல்லினியின் இசை நாடகங்களும் அவர் காட்டிய சான்றுகளுள் சில. தரம் குன்றியவை எல்லாம் கேம்ப் ஆகிவிடா. படைப்பவன் முழுமனத்தோடு பெரிதாக ஒன்றை முயன்று, அம்முயற்சி அளவு கடந்து சரியும்போதே இச்சுவை பிறக்கின்றது. வேண்டுமென்றே கோணலாகச் செய்வது அத்துணைச் சிறப்பன்று என்பது அவர் கருத்து.

ஃபிளாரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் என்னும் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சுருதியும் நிற்காது, தாளமும் நிற்காது. ஆயினும் தம்மைத் தேர்ந்த பாடகி என்றே நம்பினார். சிறகு பூட்டிய தேவதைக் கோலத்திலும் மேடையேறினார். 1944 அக்டோபர் 25 அன்று, தமது 76-ஆம் வயதில், நியூயார்க் கார்னகி மண்டபத்தில் பாடினார். இருக்கைகள் அனைத்தும் விற்றுப் போயின. அவையில் சிரிப்பொலி எழுந்தது.

அச்சிரிப்பு எத்தகையது? நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எள்ளலோடு இளமை, பேதைமை, மடன் என்பவற்றையும் கூட்டி நான்கு என்றார். மழலை கேட்டு நகைக்கும் தாய் குழந்தையை இகழ்வதில்லை. கார்னகி மண்டபத்தில் எள்ளி நகைத்தோரும் இருந்திருப்பர். ஆனால் கேம்ப் சுவைஞரின் நகை எள்ளலை விடுத்து ஏனைய மூன்றோடு உறவுடையது. அதனாலன்றோ சான்டாக்கும் இதனை ஒருவகை அன்பு என்றார்!

ஆயின், இது அரசியல் சாராதது என்று அவர் கூறுவதை ஏற்க இயலவில்லை. அவர் தம் குறிப்புகளை உரிமையாக்கியது ஆஸ்கர் வைல்டுக்கு. ஒத்த பாலினரை நேசித்தமைக்காக 1895-இல் ஈராண்டுக் கடுங்காவல் பெற்றவர் அவர். இங்கிலாந்தில் அச்சட்டம் தளர 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. இச்சுவையை முன்னின்று வளர்த்தோர் அத்தகையோரே என்பதைச் சான்டாக்கும் ஒப்புகின்றார். நாள்தோறும் வேடம் புனைந்தே வாழ வேண்டியிருந்தவர்களுக்குப் பிறருடைய பொருந்தா வேடம் அயலாகத் தோன்றுமோ? தாமே நகைக்கப்பட்டவர்கள், எள்ளாமல் நகைக்கக் கற்றனர். இதனினும் ஆழ்ந்த அரசியல் எது?

2019-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இப்பொருளில் ஆடைக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. பெருஞ்செல்வர் விரும்பும் பகட்டாக இன்று கேம்ப் மாறியிருப்பினும், அதன் பிறப்பிடத்தை மறத்தல் தகாது. பிறர் முயன்று தோற்றதைக் கண்டு நாம் நகைக்கும் போதெல்லாம், அந்நகையில் நம்மையும் சேர்த்துக்கொண்டோமா என்று வினவுதல் வேண்டும். சேர்த்துக்கொண்டோமாயின் அது கலைச்சுவை. இல்லையேல் வெறும் ஏளனமே.