சிறையா, நன்னடத்தையா: நோர்வேயின் ஒரு கணக்கும் எமது நம்பிக்கையும்

எமது சந்திப்புகளில் சிறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முடிவு முன்கூட்டியே தயாராக இருக்கும். பூக்கோவின் பெயர் வரும். சிறை குற்றவாளியைத் திருத்துவதில்லை, குற்றவாளியை உற்பத்தி செய்கிறது என்பார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுவர். பல வருடங்கள் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். இதற்கு எமக்கென்று ஒரு காரணமும் உண்டு. சிறை என்றதும் எமக்கு நினைவில் வருவது 1983 யூலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வெலிக்கடை; 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் வழக்கின்றி அடைபட்டுக் கிடந்தவர்கள். எமது கற்பனையில் கைதி எப்போதும் அரசியல் கைதி. கடை உடைத்தவனும், தூள் விற்றவனும், மனைவியை அடித்தவனும் அந்தக் கற்பனைக்குள் நுழைவதில்லை. ஆனால் நாம் வாழும் நாடுகளின் சிறைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

இவர்களை அடைத்துவைப்பதா, அல்லது நிபந்தனையுடன் வெளியே விட்டு நன்னடத்தையின் பேரில் வாழவைப்பதா? எது பயன் தருகிறது?

வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் விடை புள்ளிவிபரங்களிலிருந்து வருகிறது. நாடுகள் பலவற்றிலும் சிறையிலிருந்து வந்தவர்களைவிட வெளியே தண்டனையைக் கழித்தவர்கள் குறைவாகவே மீண்டும் குற்றம் செய்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. யாரை உள்ளே அனுப்புவது என்பதை நீதிபதி சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில்லை. நம்பிக்கைக்குரியவனாகத் தெரிபவனுக்கு நிபந்தனைத் தண்டனை. ஏழாவது தடவை வந்து நிற்பவனுக்குச் சிறை. முன்னவன் பிறகு ஒழுங்காக இருந்தால் அதில் நன்னடத்தையின் பங்கு என்ன, அவனுடைய பங்கு என்ன? நோயற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீடு ஆஸ்பத்திரியைவிடச் சுகமளிக்கிறது என்று சொல்வது போன்றதுதான் இது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்ற ஒரு ஆய்வு நோர்வேயில் செய்யப்பட்டது. புல்லர், டால், லோக்கன், மொக்ஸ்தாட் ஆகிய நான்கு பொருளியலாளர்களின் ஆய்வு. 2016இல் முதல் வடிவமும் 2020இல் இறுதி வடிவமும் வெளியாகின. அவர்களுடைய உபாயம் எளிமையானது. நோர்வேயில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர்களின் வழக்குகள் எந்த நீதிபதியிடம் போகும் என்பது ஏறக்குறைய தற்செயலாகவே அமைகிறது. நீதிபதிகளில் சிலர் கடுமையானவர்கள், சிலர் இளகியவர்கள். ஆகவே ஒரேமாதிரியான இருவரில் ஒருவன் உள்ளே போகிறான், மற்றவன் வெளியே நிற்கிறான், வெறும் அதிர்ஷ்டத்தால். அந்த இருவரையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

முடிவு எம்மைப் போன்றவர்களுக்கு உவப்பானதல்ல. சிறைக்குப் போனவர்கள் ஐந்து வருடங்களுக்குள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு 25 சதவீதப் புள்ளிகளுக்கும் மேலாகக் குறைந்திருந்தது. அடைபட்டிருந்த காலத்தில் செய்ய முடியாமற் போனது என்று மட்டும் இதை விளக்கவும் முடியாது; வெளியே வந்த பின்னும் குறைவு நீடித்தது.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது கோபம்தான். பொருளியலாளர்களுக்குச் சிறை பற்றி என்ன தெரியும் என்ற கோபம். பிறகு ஆறுதலாகப் படித்தேன். அந்தக் குறைவு முழுவதும் ஒரு பகுதியினரிடமிருந்தே வந்தது: சிறைக்குப் போகுமுன் வேலையில்லாதிருந்தவர்கள். அவர்கள் உள்ளே தொழிற்பயிற்சிகளில் சேர்ந்தார்கள், வெளியே வந்து வேலைக்குப் போனார்கள், குற்றம் குறைந்தது. முன்பே வேலையில் இருந்தவர்களிடம் சிறை குற்றத்தைக் குறைக்கவில்லை. மாறாக அவர்களுடைய வேலையைப் பறித்தது. வருடங்கள் கழிந்தும் அவர்களில் பலரால் பழைய நிலைக்கு மீளமுடியவில்லை. ஒரே கதவு ஒருவனுக்கு வேலையைக் கொடுத்தது, மற்றவனிடமிருந்து வேலையை எடுத்தது.

அப்படியானால் வெளியே நின்ற வேலையற்றவனுக்கு என்ன கிடைத்தது? நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நன்னடத்தை என்றதும், உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து போவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். நோர்வேயின் நிபந்தனைத் தண்டனை பெரும்பாலும் அப்படியல்ல. குறித்த காலத்துக்குள் மீண்டும் குற்றம் செய்யாதே என்பதுதான் அதன் பிரதான நிபந்தனை. விசேட நிபந்தனைகள் விதிக்கப்பட்டாலன்றி யாரும் வரமாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் நீதிமன்றமொன்றில் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மகனுக்குக் கிடைத்த நிபந்தனைத் தண்டனையை விளங்கப்படுத்தியபோது அந்தத் தாய் கேட்டார்: “அப்ப இனி ஆர் தம்பி இவனைப் பாக்கிறது?” மொழிபெயர்ப்பாளன் பதில் சொல்லக்கூடாது. சொல்லக்கூடியதாக இருந்தாலும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே அந்த ஆய்வு ஒப்பிட்டது சுவரையும் சுதந்திரத்தையும் அல்ல. ஆசிரியரும் பட்டறையும் உள்ள ஒரு கட்டடத்தை ஒரு தீர்ப்புக் காகிதத்துடன் ஒப்பிட்டது. காகிதம் தோற்றதில் வியப்பில்லை. அந்த ஆசிரியர் சிறைக்குள் வந்த கதையும் சுவையானது. நோர்வேயின் சிறைகளில் கல்வியையும் மருத்துவத்தையும் நூலகத்தையும் சிறைத்துறையின் ஊழியர்கள் அல்ல, வெளியிலுள்ள பொதுச் சேவைகளே வழங்குகின்றன. இந்த ‘இறக்குமதி’ முறையின் கருத்தை முன்வைத்தவர் நில்ஸ் கிறிஸ்ரி. தண்டனை என்பது வலி, அதற்கு வேறு பெயர் சூட்டாதீர்கள் என்று வாழ்நாள் முழுவதும் எழுதிய அதே கிறிஸ்ரி. சிறையின் எதிரி சிறைக்குள் கொண்டுவந்ததுதான் சிறையைப் பயனுள்ளதாக்கியிருக்கிறது.

அப்படியென்றால் வேலையற்றவனை அவனுடைய நன்மைக்காகவே உள்ளே அனுப்பலாமே என்று ஒரு குரல் எழும். எழுந்துமிருக்கிறது. நோர்வே இதை ஒருமுறை செய்து பார்த்த நாடு. 1900ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தின் கீழ், வீதியில் குடித்துக் கிடந்தவர்களை ஒப்ஸ்தாட் கட்டாய வேலை நிலையத்துக்கு அனுப்பினார்கள். செய்த குற்றம் குடிபோதை. கிடைத்தது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடைப்பு. எல்லாம் திருத்தத்தின் பெயரால். கிறிஸ்ரி 1960இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். 1968இல் தோமஸ் மத்தீசனும் மற்றவர்களும் தொடக்கிய குறோம் அமைப்பு இதற்கெதிராகப் போராடியது. 1970இல் அது ஒழிக்கப்பட்டது. 1975இல் ‘இளைஞர் சிறை’யும் போயிற்று. இந்த வரலாறு தெரிந்தவர் எவரும் ‘உனது நன்மைக்காக’ என்ற சொல்லைக் கேட்டால் சற்றுத் தள்ளியே நிற்பார். செய்த குற்றத்தின் அளவை மீறி, திருத்தத்தின் தேவையை வைத்துச் சிறைக்காலத்தை அளக்கத் தொடங்கினால் அதற்கு எல்லையே இராது.

ஆனால் எமது பக்கமும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பட்டறையை வெளியே வைத்தால் அவன் வருவானா? பூட்டு இல்லாத இடத்தில் எத்தனை பேர் காலையில் எழுந்து பயிற்சிக்கு வருவார்கள்? வராதவனை என்ன செய்வது? நிபந்தனையை மீறினான் என்று சிறைக்கு அனுப்பினால் நன்னடத்தையும் சிறையின் வாசற்படிதான். அனுப்பாவிட்டால் மீண்டும் காகிதம்தான். ‘சிறைகளை ஒழிப்போம்’ என்று எழுதும் எமது நண்பர்கள் இந்த இடத்தில் பந்தியை முடித்துவிடுகிறார்கள். முழு விடை என்னிடமும் இல்லை. வேலை உள்ளவனை உள்ளே அனுப்பி அதைப் பறிப்பது மடமை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வேலையற்றவனுக்குச் சிறை கொடுக்கும் அதே ஆசிரியரையும் அதே பட்டறையையும் வெளியே கொடுத்துப் பார்க்காமல், நன்னடத்தை தோற்றுவிட்டது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்று. அந்த ஆய்வு 2005க்கும் 2009க்கும் இடைப்பட்ட வழக்குகளைப் பற்றியது. பின்னர் 2015 முதல் 2018 வரை நோர்வே தனது கைதிகளில் ஒரு பகுதியினரை நெதர்லாந்தில் வாடகைக்கு எடுத்த சிறையொன்றுக்கு அனுப்பியது. 2012இல் கொங்ஸ்விங்கர் சிறை வெளிநாட்டவருக்கென ஒதுக்கப்பட்டது. நாடு கடத்தப்படப் போகிறவனை நோர்வேச் சமூகத்துக்குள் மீளச் சேர்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவரையும், இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டால், வெளியேற்றச் சட்டம் இடமளிக்கிறது. கிடைத்தது சிறையா நன்னடத்தையா என்பது அங்கே இரண்டாம் பட்சம். அன்று நீதிமன்றத்தில் நின்ற அந்தப் பையனிடம் நோர்வேக் கடவுச்சீட்டு இருந்தது. தாயிடம் நான் முதலில் கேட்டதும் அதைத்தான்.