பற்றும் மதிப்பீடும்: பிரித்தானியத் தொலைக்காட்சி, சித்திரக்கதை, அதிநாயகர் திரைப்படம் குறித்த இரசிகர் கருத்துகள்

முன்னுரை

திறனாய்வாளர் ஒரு படைப்பிலிருந்து விலகி நின்று மதிப்பிடுபவர். இரசிகரோ அதில் தோய்ந்து நிற்பதால் மதிப்பிடும் தகுதியை இழந்தவர். இவ்வாறு கருதும் வழக்கம் கல்வியுலகில் நெடுங்காலம் நிலவியது. ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ என்னும் நூல் இக்கருத்தை வலுவாக மறுத்தது. இரசிகர் வெறும் நுகர்வோர் அல்லர், தாம் விரும்பும் படைப்பிலிருந்து புதிய பொருளை ஆக்கிக்கொள்பவர் என்பது அந்நூலின் அடிப்படை வாதம். எனினும், இரசிகரின் கருத்து எந்நிலையில் திறனாய்வாகிறது, எந்நிலையில் பற்றாக மட்டும் நின்றுவிடுகிறது என்னும் வினா தனியே ஆராயத்தக்கது. பிரித்தானியர் படைத்த சில தொடர்களையும் சித்திரக்கதைகளையும், அக்கதைகளின் திரைவடிவங்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது.

படைப்பைக் காத்தவர்கள்

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடர் 1963 நவம்பர் 23இல் தொடங்கியது. பழைய நிகழ்ச்சிகளுக்கு மறுபயன் இராது என்று எண்ணிய அந்நிறுவனம், 1960களிலும் 1970களிலும் ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது, படச்சுருள்களையும் கழித்தது. இதனால் 1960களில் ஒளிபரப்பான 90க்கு மேற்பட்ட பகுதிகளின் காட்சிகள் இன்று கிடைக்கவில்லை. ஆயின், அவை அனைத்தின் ஒலியும் எஞ்சியுள்ளது. ஒளிபரப்பின்போதே வீட்டு ஒலிப்பதிவுக் கருவிகளில் அவற்றைப் பதிவு செய்து வைத்த இரசிகர்களே அதற்குக் காரணம். 1966இல் ஒளிபரப்பான ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ என்னும் கதையின் ஆறு பகுதிகளும் அழிந்தவை. எஞ்சிய ஒலியைக் கொண்டே 2016இல் அக்கதை அசைவூட்டப் படமாக மீட்டுருவாக்கம் பெற்றது. நிறுவனம் பொருட்படுத்தாத பனுவலை இரசிகரே காத்தனர் என்பதால், அதன் நுட்பங்கள் குறித்து அவர்கள் பேசும்போது அப்பேச்சை எளிதில் தள்ளிவிட இயலாது.

நுட்பமும் பொருளும்

‘2000 ஏடி’ என்னும் பிரித்தானியச் சித்திரக்கதை வார இதழ் 1977இல் தொடங்கப்பெற்றது. ஜான் வாக்னர் எழுத, கார்லோஸ் எஸ்குவேரா உருவம் அமைத்த ஜட்ஜ் ட்ரெட் அதன் புகழ்பெற்ற கதைமாந்தர். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டுவதில்லை. 1995இல் வெளிவந்த திரைப்படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் தலைக்கவசத்தைக் கழற்றி நடித்தார். இரசிகர்கள் இதனைக் கடுமையாகச் சாடினர். மேற்போக்காக நோக்குவார்க்கு இது சிறுபிள்ளைத்தனமான குறையாகத் தோன்றலாம். ஆனால் பிடிப்பதும், தீர்ப்பளிப்பதும், தண்டிப்பதும் ஒருவரே என்னும் கொடிய ஆட்சியை எள்ளுவதே அக்கதையின் நோக்கம். சட்டத்திற்கு முகமில்லை என்பதை அத்தலைக்கவசம் உணர்த்துகிறது. அதனைக் கழற்றியதும் எள்ளல் மறைந்து, வழக்கமான வீரநாயகர் கதையே எஞ்சுகிறது. 2012இல் வெளிவந்த ‘ட்ரெட்’ படத்தில் கார்ல் அர்பன் இறுதிவரை முகம் காட்டாது நடித்தார். வசூலில் அப்படம் வெற்றி பெறவில்லை. எனினும் இரசிகரிடையே அதற்கு உயர்ந்த இடம் உண்டு. இங்கு இரசிகரின் குறைகூறல் பொருளை அறிந்து கூறியதாகும்.

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ (1986-87) இதற்குச் சற்று மாறான சான்று. ஸாக் ஸ்னைடர் இயக்கிய 2009ஆம் ஆண்டுத் திரைப்படம் பல கட்டங்களை அப்படியே காட்சிகளாக்கியது. ஆனால் முடிவில் நியூயார்க்கை அழிக்கும் விந்தை உயிரியை நீக்கி, டாக்டர் மன்ஹாட்டன் மீது பழி விழுமாறு மாற்றியது. அவ்வுயிரி இல்லை என்பதையே குறையாகக் கூறினோர் பலர். அமெரிக்காவின் படைக்கலமாக விளங்கிய ஒருவர் மீது பழி விழுந்தால் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவுடன் எவ்வாறு இணங்கும் என்று வினவியோரும் உண்டு. முன்னையது இழப்புணர்வு மட்டுமே, பின்னையது திறனாய்வு. இவ்விரண்டிற்கும் அப்பால் வடிவம் பற்றிய வினாவும் உள்ளது. மூலத்தின் பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது கட்ட அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஐந்தாம் இதழின் பக்கங்களோ நடுவிலிருந்து முன்னும் பின்னும் எதிரொளிப்பாக அமைந்தவை. வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே இவ்வொழுங்கைக் கண்டறிகிறார். திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. காட்சிகள் மூலத்தை ஒத்திருந்தும் வாசிப்பனுபவம் கைநழுவியது. ஒப்புமை மட்டுமே அளவுகோலாகும்போது இவ்விழப்பு புலனாவதில்லை.

அளவுகோல் திரும்பும்போது

கிறிஸ் சிப்னால் பதின்ம வயதில், 1986இல், பிபிசி நிகழ்ச்சியொன்றில் தோன்றி, அவ்வாண்டின் ‘டாக்டர் ஹூ’ கதையை அதன் எழுத்தாளர்கள் முன்னிலையிலேயே குறைகூறினார். 2018 முதல் 2022 வரை அத்தொடரின் தலைமைப் பொறுப்பை அவரே வகித்தார். 2020இல் அவர் எழுதிய ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ பகுதி, முதல் டாக்டருக்கு முன்னரும் அம்மாந்தருக்குப் பல பிறவிகள் இருந்தன என்றது. மரபைக் குலைத்தார் என்று இரசிகர் பலர் வெகுண்டனர். 1976இல் வந்த ‘தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்’ கதையில் அறியாத முகங்கள் தோன்றியதைச் சான்றுகாட்டி வேறு சிலர் மறுத்தனர். இம்மாற்றத்திற்குப் பனுவலில் இடமுண்டா என்பதிலேயே விவாதம் பெரிதும் சுழன்றது. அலைந்து திரியும் எளிய பயணியாக இருந்தவரைத் தனிப்பிறவியாக உயர்த்துவது கதைக்கு வலிமை சேர்க்கிறதா என்பதே அதனினும் ஆழமான வினா.

மேலும், 2017இல் ஜோடி விட்டேக்கர் டாக்டராக அறிவிக்கப்பட்டபோது மரபின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த மாஸ்டர் என்னும் மாந்தர் 2014இலேயே பெண்ணுருவில் தோன்றியிருந்தார். பிறர் நுழையாதவாறு தடுக்கும் வேலியாக மரபை ஆக்கியோர், தாம் போற்றிய பனுவலையே முழுமையாக வாசிக்கவில்லை.

முடிவுரை

இரசிகரின் நினைவாற்றல் திறனாய்வுக்கு இன்றியமையாத மூலப்பொருள். அதுவே திறனாய்வு ஆகிவிடாது. மாற்றப்பட்ட ஒரு கூறு எப்பொருளைத் தாங்கி நின்றது, அது நீங்கியதால் படைப்பில் எது சரிந்தது என்று விளக்கும்போதே கருத்து மதிப்பீடாகிறது. தாம் விரும்பும் கதையைத் திரைப்படம் கெடுத்துவிட்டது என்று மாணவர் வகுப்பறையில் கூறும்போது, ஆசிரியர் அதனைப் புறந்தள்ளத் தேவையில்லை. எது மாறியது என்று கேட்பதோடு, அம்மாற்றம் ஏன் பொருட்படுத்தத்தக்கது என்றும் கேட்பாராயின், அம்மாணவர் தாம் அறிந்த படைப்பைக் கொண்டே திறனாய்வைப் பயிலத் தொடங்குவார்.