‘கீழே உட்காராதீங்க’: ஒரு முட்டி வலிச் சீட்டை முன்வைத்து

முன்குறிப்பு: நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆய்வுக் கட்டுரை படிப்பது ராத்திரி வேலை. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம்.

போடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷமாக மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார். விடியும் முன்னே ஜீப், போடிமெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டம், சாயங்காலம் திரும்ப இறக்கம். போன தடவை ஊருக்குப் போனபோது சுருக்குப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். முட்டித் தேய்மானம் என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் கொடுத்தது. ஐந்தே வரி: கீழே உட்காராதீர்கள். சம்மணம் போடாதீர்கள். மேடு ஏறாதீர்கள். எடையைக் குறையுங்கள். ஓய்வு எடுங்கள்.

“கீழ உக்காராம காய எப்படிடா எடுக்குறது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஏலச்செடியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், ஆனால் காய் மேலே இல்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும், காய் அதில்தான். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கணும். ஒவ்வொரு தூரிலும் குந்தி, எழுந்து, சரிவில் நகர்ந்து, மறுபடி குந்தணும். ஆக, சீட்டின் முதல் வரிக்கு அவர் அகராதியில் ஒரே அர்த்தம்தான்: வேலைக்குப் போகாதே.

சரி, மூலத்தில் என்னதான் சொல்கிறார்கள் என்று தேடினேன். இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டி கிடைத்தது. நல்ல ஆவணம். 45 வயதுக்கு மேல், வேலை செய்தால் வலி, காலை விறைப்பு அரை மணிக்குள் விடுகிறது என்றால், பொதுவாக எக்ஸ்ரே இல்லாமலே இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம் என்கிறது. முதல் மருந்து உடற்பயிற்சி. எடை கூடுதல் என்றால் குறைப்பது. 5 சதவீதம் குறைந்தாலும் நல்லது, 10 சதவீதம் இன்னும் நல்லது. முட்டிக்கு வலிநிவாரணி களிம்பு. அது பத்தாவிட்டால்தான் மாத்திரை, அதுவும் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு சேர்த்து. குளுக்கோசமைன் வேண்டாம், ஹையலுரோனிக் ஊசி வேண்டாம். நம்மூரில் காசு கரைவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான்.

சீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. வழிகாட்டி ‘அசை’ என்கிறது, சீட்டு ‘அசையாதே’ என்கிறது. பாதிக் குற்றம் ‘தேய்மானம்’ என்ற சொல்லுக்கு. அதைக் கேட்டதும் மனசில் டயர்தான் வருது. ஓட்டினால் தேயும், நிறுத்தி வைத்தால் மிச்சம். மூட்டு டயர் இல்லை. குருத்தெலும்பு, எலும்பு, சுற்றியுள்ள சவ்வு, தசை எல்லாம் சேர்ந்த உயிருள்ள உறுப்பு. தொடைத் தசை சும்மா கிடந்தால் மெலியும், முட்டியைத் தாங்கும் வலுவும் போகும்.

“பெரியம்மா நாள் பூரா அசையறாங்களே, அது பயிற்சி ஆகாதா?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பயிற்சி என்றால் தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கூட்டி, நடுவில் ஆற விடுவது. காய் எடுப்பில் அளவும் இல்லை, ஆறும் நேரமும் இல்லை. குந்தியிருக்கும் நேரம் முட்டி முழுசாக மடங்கிய நிலைதான். பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு, இளவயதில் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் அதிகம் என்று காட்டியது. ஆக, குந்தாதே என்று சீட்டு சொல்வதில் தப்பில்லை. சொல்லிவிட்டு, குந்தாமல் பிழைக்க வழி சொல்லாமல் போனதுதான் தப்பு.

அறுவை விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகை. “அறுவை இல்லாமல் நிரந்தர குணம்” என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். சமாளிப்பது வேறு, குணம் வேறு. 2015-ல் வந்த டேனிஷ் ஆய்வில், மாற்று மூட்டு வைக்கத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 12 வாரப் பயிற்சி, உணவு ஆலோசனை போன்றவை மட்டும், மறுபாதிக்கு அறுவையும் சேர்த்து. ஒரு வருஷத்தில் அறுவைக்காரர்களுக்கு முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். ஆனால் அறுவை இல்லாத 50 பேரும் சராசரியாகத் தேறினார்கள், அதில் அந்த வருஷத்துக்குள் அறுவைக்குப் போனது 13 பேர்தான். எனக்குப் புரிந்தது: அறுவை வேலை செய்யும், அவசரம் பெரும்பாலும் இல்லை. துளை போட்டு மூட்டைக் கழுவும் அறுவை வேறு கதை. 2002-லேயே அமெரிக்காவில் 180 பேரிடம், தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு ஒப்பிட்டார்கள். உண்மை அறுவை ஒன்றும் மேலாக இல்லை.

இனி நைஸ் மீது என் புகார். எங்கள் தொழிலில் ஸ்பெக் எழுதும்போது ஒரு சராசரிப் பயனாளரை மனசில் வைத்துக்கொள்வோம். இந்த ஸ்பெக்கின் பயனாளருக்கு நாற்காலி இருக்கு, விடுப்பு இருக்கு, பிசியோதெரபிஸ்ட் இருக்கார். சரிவில் குந்திக் கூலி வாங்குபவருக்கு அதில் பதில் இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபி கொண்டு வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வருகிற பகல் நேரத்தில் பெரியம்மா எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்தில் இருப்பார்.

“மலைக்குப் போகாம போடியிலயே காய் பொறுக்குற வேலைக்குப் போங்களேன்” என்று நானும் அறிவாளித்தனமாகச் சொன்னேன். நான் பார்த்த கிடங்குகளில் தரம் பிரிக்கும் பெண்களும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரு மேசையும் பெஞ்சும் போடுவதற்குப் பெரிய மருத்துவ அறிவு வேண்டாம், முதலாளி மனசு வைக்கணும். எனக்குத் தெரிந்த எந்த முட்டி வலிச் சீட்டும் முதலாளிக்கு எழுதப்பட்டதில்லை.

போடிக்கு நான் சீட்டு எழுதினால் இப்படி இருக்கும்: தூருக்குத் தூர் எழுந்து காலை நீட்டுங்கள். இடம் சமமாக இருந்தால் குட்டை முக்காலி. இறக்கத்தில் கம்பு ஊன்றுங்கள், மூட்டையை ஆம்பளையாள் தூக்கட்டும். ராத்திரி நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், முடிந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். முதலில் வலி கொஞ்சம் கூடலாம், பயப்பட வேண்டாம். முட்டி சூடாக வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீட்டின் பின்பக்கம் தோட்டக்காரருக்கு: முக்காலியும் இடைவேளையும் உங்கள் பொறுப்பு.

பெரியம்மா மூணு மாசமாக நாற்காலிப் பயிற்சி செய்கிறார். ஜீப் ஏறுவது பரவாயில்லையாம், இறக்கம் இன்னும் வலிக்குதாம். ஒருத்தர் அனுபவம் ஆதாரம் ஆகாது, தெரியும். முக்காலி பற்றி கங்காணியிடம் கேட்டாராம். சிரித்தாராம்.