கண்காணிப்பும் கூலியும்

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியையாக விளங்கிய சோஷானா சுபோஃப் அம்மையார் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயரைத் தமிழில் ‘கண்காணிப்பு முதலாளித்துவக் காலம்’ எனலாம். இணையத்தின் போக்கை ஆராய்வோர் பலரும் எடுத்துக்காட்டும் நூல் இது. இதன் நிறைகுறைகளை ஆசிரியப் பெருமக்கள் முன் வைப்பதே நம் நோக்கமாகும்.

அம்மையாரின் கொள்கை இது: நாம் தேடுவதும் படிப்பதும் நடமாடுவதும் குறிப்புகளாகத் திரட்டப்படுகின்றன. சேவையைச் செம்மை செய்யத் தேவையான அளவு போக எஞ்சியவற்றை நிறுவனம் தனதாக்கிக் கொள்கிறது. அவற்றைக் கொண்டு நாம் இனி என்ன செய்வோம் என்று கணித்து, அக்கணிப்பை விலைக்கு விற்கிறது. இவ்வழியை முதலில் வகுத்தது கூகுள் நிறுவனமே என்று அவர் விரிவாக விளக்குகிறார். இஃது இந்நூலின் தலையாய சிறப்பு.

ஆயினும், இவ்வாட்சி முன்னொருபோதும் இருந்ததில்லை என்னும் அவர் கூற்று நமக்கு முழு உடன்பாடன்று. ‘கங்காணி’ என்ற சொல் பிறந்தது எதிலிருந்து? கண்காணித்தலிலிருந்தன்றோ! தோட்டத்தில் பெரட்டுக்கு வந்தவர் பெயர் செக்ரோலில் ஏறியது, நிரைக்கு மரம் இத்தனை என்று கணக்கிருந்தது, பால் நிறுக்கப்பட்டது. கண்காணிப்பின் பயன் கூலியில் தெரிந்தது.

அம்மையார் இதனை அறியாதவரல்லர். காகித ஆலையில் கூழைத் தொட்டும் முகர்ந்தும் பக்குவம் அறிந்தோர் கணினித் திரைமுன் அமர்த்தப்பட்டதை 1988இல் எழுதிய நூலில் கூறியவர் அவரே. தொழிலாளியைக் கண்காணிக்கக் கணினி உதவுவதையும் அந்நூல் அன்றே காட்டியது. பின்னூலிலோ தொழிலாளி ஒதுங்க, நுகர்வோரே நடுவிடம் பெறுகிறார். கூலியைப் பற்றிய ஆராய்ச்சி மெலிந்துவிடுகிறது.

இன்றைய சிக்கலோ அங்கேதான் உள்ளது. நிறுவையைக் குறித்துக் கிராணியைக் கேட்கத் துணிவு வேண்டியிருந்தது; எனினும் கேட்பதற்குக் கண்ணெதிரே ஒரு தராசும் ஒரு மனிதரும் இருந்தனர். உணவு கொண்டு செல்லும் இளைஞருக்குக் கைப்பேசிச் செயலியே கங்காணி, கிராணி, தராசு மூன்றும். இன்று தொகை குறைந்தது ஏன் என்று அவர் யாரைக் கேட்பார்?

2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊபர், ஓலா வாகனமோட்டிகள் தொடுத்த வழக்குகளில், தம்மைக் குறித்துத் தானியங்கி முறையில் எடுக்கப்படும் முடிவுகளின் விளக்கத்தை அறிய அவர்களுக்கு உரிமையுண்டு எனத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டம், இத்தகைய தொழிலாளர்க்கு மத்திய சேமநிதியையும் வேலைக்காய இழப்பீட்டையும் வகுத்தது. மலேசிய நாடாளுமன்றமும் 2025இல் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. நூல் விட்ட இடத்தை வழக்கும் சட்டமும் நிரப்பத் தொடங்கியுள்ளன.

நம் மாணவர் பலர் நாளை இத்தொழில்களுக்குச் செல்வர். ஆதலின் ஆசிரியர்கள் இந்நூலைப் படித்தல் நன்று. ‘என்னைக் காண்பவர் யார்?’ என்று கேட்க அது கற்பிக்கும். ‘என் உழைப்பை நிறுப்பவர் யார்? அத்தராசை நான் காணலாமா?’ என்று கேட்கக் கற்பிப்பது நம் கடன்.