கிடுகும் அதன் பிடியும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் பரதவர் குடியிருப்பைப் பாடுமிடத்து, நெடுந்தூண்டிற்கோல் சார்த்திய குறுங்கூரை வீடுகளுக்கு, நடுகல்லைச் சூழக் கிடுகு நிரைத்து வேலூன்றிய அரணை உவமை கூறினார். கிடுகு என்பது ஈண்டுக் கேடகம். வன்னியில் இன்று அச்சொல் கூரைக்கும் வேலிக்கும் உதவும் பின்னிய தென்னோலையைக் குறிக்கும். இவ்வுவமையைக் கொண்டு, பண்டைத் தமிழரும் கிரேக்கரைப் போலக் கேடகத்தோடு கேடகம் சேர்த்து அணிவகுத்தே பொருதனர் என ஒருவர் துணிவாராயின், அது பொருந்துமா?

கேடகம் ஏந்திப் பொருத முறையை உணர்த்துவது அதன் முகப்பன்று, உட்புறப் பிடியேயாம். கி.மு. 425இல் பைலொஸ் போரில் ஸ்பார்ட்டா வீரரிடம் ஏதென்ஸ் நகரத்தார் கைப்பற்றிய கேடகமொன்று, 1936இல் ஏதென்ஸ் அகோராவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. எஞ்சியவை வெண்கல முகப்பும் அதிற் பொறித்த எழுத்துமே. இத்தகைய முகப்பைக் கொண்டு மட்டும் பிடியை அறிதல் அரிது. ஒலிம்பியாவிற் கிடைத்த வெண்கலக் கைப்பட்டைகளும், கேடகத்தின் உட்புறத்தைக் காட்டும் கலவோவியங்களுமே அக்குறையை நிரப்பின. நடுவிலுள்ள 'போர்பக்ஸ்' என்னும் பட்டையினுள் முன்கையை முழங்கையளவு நுழைத்து, விளிம்பருகேயுள்ள 'அந்திலபே' என்னும் பிடியை விரல்களாற் பற்றினர். ஆதலின் பாரம் முன்கையிலே தங்கியது. கேடகத்தின் இடப்பாதி உடலுக்கு அப்பால் நீண்டு அயல்நின்றானுக்கு அரணாயிற்று. கி.மு. 418இல் நிகழ்ந்த மந்தினேயாப் போரை வருணிக்கும் துசிடைடீஸ், ஒவ்வொருவனும் தன் வலப்புறத்தான் கேடகத்தின் மறைவை நாடுதலாற் படை வலப்புறம் ஒதுங்கும் என்பார்.

இந்தியாவிற் பிற்காலத்தில் வழங்கிய வட்டப் பரிசையோ வேறு வகையினது. புறத்தே அணிகலம் போலத் தோன்றும் நான்கு குமிழ்கள், அகத்தேயுள்ள இரு பிடிவார்களைப் பிணிக்கும் ஆணிகளின் தலைகளாம். அவ்விரு வார்களையும் ஒருசேர முட்டியிற் பற்றுவர். அதனை முன்னே நீட்டலாம், விரைந்து திருப்பலாம். தனித்து நின்று பொருவானுக்கு அஃது ஏற்றது.

பட்டினப்பாலைக் கிடுகு நடுகல்லருகே நிறுத்திய கிடுகு. போரில் ஏந்திய கிடுகன்று. உவமையின் பொதுத்தன்மை கூரையின் நிரையும் கோலின் சார்வுமேயன்றிப் போர்முறையன்று. உவமை கூறாததைக் கூறிற்றென்றல் திறனாய்வாகாது.

வன்னியிற் பண்டார வன்னியன் நாடகத்துக்குக் கேடகஞ் செய்யும் மாணவரும் இதனை மனங்கொள்க. கிரேக்கப் படத்தைப் பார்த்து முன்கைப் பட்டை பொருத்தினால், 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வீரன், அயலான் கேடகத்தை நாடும் கிரேக்கப் படைஞனாகவே அரங்கில் நிற்பான். முகப்பில் எத்துணைத் தமிழ்க் கோலம் வரையினும் அப்பிழை மறையாது.