கேள்வியைக் கைவிட்ட கோட்பாட்டு நூல்கள்

இலக்கியக் கோட்பாட்டை எளிதாக அறிமுகப்படுத்தும் நூல்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. கல்லூரிப் பாடத்துக்கும் நெட் தேர்வுக்கும் அவை தேவைப்படுகின்றன. 'தொடக்கநிலை வாசகருக்கு இவ்வளவு போதும்' என்று அவற்றுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. அந்த வக்காலத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அறிமுகம் வேண்டும், சந்தேகமில்லை. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்திராவிட்டால் அமைப்பியல் நம் சிற்றிதழ் வாசகரை எட்ட இன்னும் நாளாகியிருக்கும். கலைச்சொற்களைக் கண்டு மிரளும் மாணவருக்கு எளிய நடை உதவத்தான் செய்கிறது.

ஆனால் இந்த நூல்கள் ஒரு சிந்தனையாளர் வந்து சேர்ந்த முடிவை மட்டும் தருகின்றன. எதைப் படித்து அங்கே வந்தார் என்பதை விட்டுவிடுகின்றன. ரோலான் பார்த் 1967இல் வெளியிட்ட 'ஆசிரியனின் மரணம்', பால்சாக்கின் 'சாரசின்' கதையிலுள்ள ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது. பெண் வேடமிட்ட ஒரு பாடகனைப் பற்றிய வாக்கியம் அது. பேசுவது யார்? ஏமாந்த கதாநாயகனா, பால்சாக்கா, பெண்களைப் பற்றி ஊர் சொல்லும் பொதுக்கருத்தா? பிடி கிடைக்கவில்லை. அந்தத் திணறலில்தான் கட்டுரையே பிறக்கிறது. அறிமுக நூல்களில் வாக்கியமும் இல்லை, கேள்வியும் இல்லை. 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற அறிவிப்பு மட்டும் மிஞ்சுகிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்.

இது கடைசியில் கதைகளின் தலையில் விடிகிறது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) கையில் கிடைத்தால், பெண்ணிய நோக்கில் அம்மாளு சுரண்டப்படுகிறாள், மார்க்சிய நோக்கில் மில் கூலி சுரண்டப்படுகிறாள் என்று இரண்டு பத்தி. கதையைப் படிக்காமலே இதை எழுதிவிடலாம். அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி வார்க்க அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்ததைச் சொன்ன குரல், சொன்ன கையோடு நம் பக்கம் திரும்பிக் கற்பைப் பற்றி நம்மைச் சாடுகிறதே, அது யாருடைய குரல்? சாடப்படுகிறவர் யார்? அம்மாளுவுக்கு ஏன் அங்கே பேச்சே இல்லை? பார்த்தின் கேள்வி இந்தக் கதையை அப்படியே திறந்துவிடுகிறது. அவருடைய முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ஓரடி நகர முடியாது.

டெரி ஈகிள்டனின் 1983 நூலும் அறிமுகம்தான். அது ஒவ்வொரு கோட்பாட்டோடும் சண்டை போடுகிறது. படிக்கிறவரும் பதிலுக்கு வாதாடக் கற்றுக்கொள்கிறார். பார்த்தோ 1970இல் 'எஸ்/இசட்' நூலில் அதே 'சாரசி'னை 561 துண்டுகளாக்கி வரிவரியாகப் படித்தார். அதில் பத்துத் துண்டையாவது மாணவர் முன்னால் வைக்க வேண்டும். பக்கம் போதாதென்றால் நான்கு கோட்பாடுகளை நீக்கிவிடலாம்.